‘ஏ’ போடுவதா, ‘ஆன்’ போடுவதா?

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ‘ஆன் யுனிவர்சிட்டி’ என்று எழுதியதை அடித்துவிட்டு ஆசிரியை ‘ஏ’ போட்டிருக்கிறார். ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து எழுத்துகளுக்கு முன்னால் ‘ஆன்’ வரும் என்றுதானே நாங்களும் படித்தோம்? ஆங்கில நாளிதழிலோ ‘ஆன் எம்.எல்.ஏ.’ என்று வருகிறது. அந்த ஐந்தில் ‘எம்’ இல்லையே! எதைத்தான் சொல்லிக்கொடுப்பது?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை

பதில்: ஆசிரியை திருத்தியதும் சரி, நாளிதழில் வந்ததும் சரி. நாமெல்லாம் மனப்பாடம் செய்த அந்த ஐந்தெழுத்து விதிதான் அரைகுறை. ‘ஏ’யா ‘ஆன்’ஆ என்பதை முடிவு செய்வது எழுத்து அல்ல, அடுத்த சொல்லை வாய்விட்டுச் சொல்லும்போது எழும் முதல் ஒலி. அது உயிரொலி என்றால் ‘ஆன்’, மெய்யொலி என்றால் ‘ஏ’.

நமக்கு இது புதிதல்ல. ஓர் ஊர் என்கிறோம், ஒரு நகரம் என்கிறோம். யானை வந்தால் ஒரு யானைதான். தமிழில் எழுதுவதும் ஒலிப்பதும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் குழப்பம் வருவதில்லை. ஆகவே உங்கள் மகளுக்கு ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுங்கள்: சந்தேகமான ஆங்கிலச் சொல்லை ஒலிக்கிறபடியே தமிழில் எழுதிப் பார்க்கட்டும். அம்ப்ரெல்லா, அங்கிள், அர்ஜென்ட் எல்லாம் ‘அ’வில் தொடங்குகின்றன, ‘ஆன்’ போடலாம். யுனிவர்சிட்டி, யூனிஃபார்ம், யூரோப்பியன் ஆகியவற்றின் முதலில் நிற்பது ‘ய்’ என்ற மெய்யொலி, ‘ஏ’தான். மணியைக் குறிக்கும் சொல்லில் ‘எச்’ ஊமை, ‘அவர்’ என்றுதான் ஒலிக்கும். ஆகவே ‘ஆன் அவர்’. நேர்மைக்கான ‘ஆனஸ்ட்’டும் அப்படியே. அதை ‘ஹானஸ்ட்’ என்று உச்சரிக்கப் பழகியவர்கள் ‘ஏ’ போட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

சுருக்கெழுத்துகளில்தான் பெரியவர்களும் சறுக்குவார்கள். எஃப், எச், எல், எம், என், ஆர், எஸ், எக்ஸ் என்ற எட்டும் மெய்யெழுத்துகள்தாம். ஆனால் அவற்றின் பெயர்கள் உயிரொலியில் தொடங்குகின்றன. அதனால்தான் ஆன் எம்.எல்.ஏ., ஆன் எஃப்.ஐ.ஆர்., ஆன் எல்.பி.ஜி. சிலிண்டர், ஆன் எக்ஸ்ரே. ‘யூ’ நேர்மாறு: உயிரெழுத்துதான், பெயரோ ‘ய்’யில் தொடங்குகிறது. எனவே ஏ யு.பி.எஸ். எழுத்தெழுத்தாகப் படிக்கிறோமா, ஒரே சொல்லாகப் படிக்கிறோமா என்பதையும் கவனிக்க வேண்டும். உங்கள் கைப்பேசியிலேயே இரண்டும் இருக்கின்றன: ஆன் எஸ்.எம்.எஸ்., ஆனால் ஏ சிம் கார்டு.

எண்களுக்கும் இதே கணக்கு. 8, 11, 18, 80 ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்கள் உயிரொலியில் தொடங்குவதால் ‘ஆன்’. ‘ஒன்’ என்று நாம் எழுதும் எண் உண்மையில் ‘வன்’, அதற்கு ‘ஏ’. கிரிக்கெட்டில் ‘ஏ ஒன்டே மேட்ச்’ என்று வர்ணனையாளர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

நான் சொன்ன குறுக்குவழி காலை வாரும் இடமும் உண்டு. ‘ஹேப்பி நியூ இயர்’ என்று ‘இ’ போட்டுத்தான் எழுதுகிறோம். ஆனால் ஆண்டைக் குறிக்கும் அந்தச் சொல் ‘ய்’ ஒலியில் தொடங்குகிறது. காதைக் குறிக்கும் ‘இயர்’தான் உயிரொலி. ஆண்டுக்கு ‘ஏ’, காதுக்கு ‘ஆன்’. ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டும் ‘உமன்ஸ் காலேஜ்’ பலகையில் உள்ள உமனும் இதே வகை. ஆங்கிலத்தில் அவற்றின் முதலில் ஒய், டபிள்யூ நிற்கும். எட்டை ‘யெட்டு’ என்றும் ஒன்றை ‘வொண்ணு’ என்றும் சொல்லிப் பழகிய வாய் நம்முடையது. எம்.எல்.ஏ.வையும் ‘யெம்மெல்லே’ என்போம். அந்த ‘ய்’ நம் பேச்சுவழக்கு சேர்ப்பது. அதை நம்பி ‘ஏ’ போடக் கூடாது.

இன்னொன்று: பெயர்ச்சொல்லைத் தேடிப் போகாதீர்கள், ஒட்டி நிற்கும் சொல்லைப் பாருங்கள். குடைக்கு ‘ஆன் அம்ப்ரெல்லா’; நடுவில் யூஸ்ஃபுல் வந்துவிட்டால் ‘ஏ யூஸ்ஃபுல் அம்ப்ரெல்லா’.

பழையது ‘ஆன்’தான், ஒன்று என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. மெய்யொலிக்கு முன் ‘ன்’ தேய்ந்து ‘ஏ’ பிறந்தது. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் ‘ஆன் ஹவுஸ்’ என்றுகூட இருக்கிறது. இந்த ‘ன்’ வேடிக்கையும் காட்டியிருக்கிறது. சமையலறை ஏப்ரன் முதலில் ‘நேப்ரன்’. ‘ஏ நேப்ரன்’ என்பதைக் காதில் வாங்கியவர்கள் ‘ஆன் ஏப்ரன்’ என்று பிரித்துவிட்டார்கள்; அதுவே நிலைத்துவிட்டது.

மூலிகைக்கான சொல்லை பிரிட்டனில் ‘ஹெர்ப்’ என்பார்கள், ‘ஏ’ சேரும். அமெரிக்காவில் ‘எர்ப்’, ஆகவே ‘ஆன்’. இரண்டும் சரி. நம் பள்ளிகளில் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு என்பதால் தேர்வில் ‘ஏ’ எழுதச் சொல்லுங்கள். வேறு சொல்லில் ஐயம் வந்தால் இணைய அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தைத் தட்டிக் கேளுங்கள். முதல் ஒலி காதில் விழுந்தால் போதும்.