மரத்தடிக்கு எந்த மூடாக்கு?

அடுக்குமாடி வளாகங்களிலும் கல்லூரி முகப்புகளிலும் மரத்தடியில் பிளாஸ்டிக் விரித்து, மேலே வெள்ளைக் கூழாங்கல் கொட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பக்கத்து வளாகத்தில் போட்டிருக்கிறார்கள், ஒப்பந்தக்காரர் படம் காட்டினார் என்பதைத் தவிர இதற்குப் பெரிய காரணம் இல்லை. சருகு, வைக்கோல், கரும்புச் சோகை, மரச்சில்லு எல்லாமே நல்ல மூடாக்குதான். அருகில் எது கிடைக்கிறதோ அதைப் போடலாம். தென்னை நார்க்கழிவை மட்டும் மட்கவைத்த பிறகே இட வேண்டும். பச்சையாக இருக்கும்போது அதில் உப்பும் டானினும் மிகுதி.

கல்லின் கணக்கு வேறு. ஈரத்தைக் காப்பது, மண்ணின் சூட்டைத் தணிப்பது, மட்கி மண்ணை வளப்படுத்துவது ஆகிய மூன்றும் மூடாக்கின் வேலைகள். கல் முதல் வேலையை ஓரளவு செய்யும். சித்திரை வெயிலில் பகலெல்லாம் சூடேறி, இருட்டிய பிறகும் அனலை உமிழும்; எத்தனை ஆண்டானாலும் மட்காது. மரம் நீரும் உணவும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஓரடி ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன்மேல் பிளாஸ்டிக் விரித்தால் மழைநீர் வழிந்தோடும், வேருக்குக் காற்றும் குறையும். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட்டது. கான்கிரீட்டைப் பெயர்த்த இடத்தில் பிளாஸ்டிக்கை விரித்தால் மரத்துக்கு என்ன மிச்சம்?

கல்லுக்கு ஒருமுறை செலவு செய்தால் போதும், களையும் வராது என்பார்கள். இடுக்குகளில் தூசி படிந்து, காற்றில் வரும் விதைகள் அதிலேயே முளைக்கும். அப்போது கல்லை அள்ளிச் சலிக்கும் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சருகு போட்டால் கரையான் வரும் என்ற அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கரையான் தேடுவது பெரும்பாலும் செத்த மரத்தை. அடிமரத்தை ஒட்டிச் சருகைக் குவிக்கும்போதுதான் பட்டை நைந்து சிக்கல் தொடங்குகிறது. சுற்றிலும் அரையடி இடைவெளி விட்டு, இரண்டு முதல் நான்கு அங்குல உயரத்துக்கு வட்டமாகப் பரப்பினால் போதும்.

என் சாய்வை மறைக்கவில்லை: அந்தந்த மரம் உதிர்த்த சருகுக்கே நான் முதலிடம் தருவேன். புங்கை, வேம்பு இலைகள் சீக்கிரம் மட்கும். நாட்டு வாதுமையின் அகன்ற இலை தட்டையாகப் படிந்து நீரைத் தடுக்கும் என்பதால் நறுக்கிப் போட வேண்டும். மரத்தின் இயல்பையும் மண்ணின் தன்மையையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கப் பொறுமை வேண்டும். பலன் தெரிய ஓரிரு மழைக்காலம் ஆகும். பொது இடத்தில் குப்பையை எரிப்பதை 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடுத்தன. நாளைக் காலை கூட்டிய சருகுக்குத் தீ வைக்கப் போகும் காவலாளியிடம், அதை மரத்தடியில் பரப்பச் சொல்லுங்கள்.