வண்டி சூடாவதும் இன்ஜின் ஆயிலும்



நம் குழுக்களில் சிலர் கடன் வாங்கிக் குட்டி யானை எடுத்து, காய்கறி, பால் கேன் என்று லோடு அடிக்கிறார்கள். டீசல் செலவு, டிரைவர் சம்பளம், மாதத் தவணை எல்லாம் கூட்டத்தில் விரல் நுனியில் சொல்கிறார்கள். "இன்ஜின் ஆயில் எப்பப் பார்த்தீங்க?" என்று கேட்டால் மட்டும், "அது டிரைவர் தம்பிக்குத்தான் தெரியும்" என்கிறார்கள். தம்பி பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்ஜின் போனால் தவணை கட்டப்போவது நாம்தானே?

இரண்டு உள்ளங்கைகளையும் வேகமாகத் தேய்த்துப் பாருங்கள், சூடு ஏறும். கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு தேயுங்கள், கை வழுக்கிக்கொண்டு போகும், சூடு குறையும். இன்ஜினுக்குள் பிஸ்டன் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் ஏறி இறங்குகிறது. உலோகமும் உலோகமும் நேராக உரசாமல் நடுவில் மெல்லிய ஏடு மாதிரி நிற்பது ஆயில்.

அதுக்கு இன்னொரு வேலையும் உண்டு. டீசல் எரியும்போது சிலிண்டருக்குள் வாயுவின் சூடு 2000 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் தண்ணீர் சிலிண்டரைச் சுற்றி ஓடி அந்தச் சூட்டில் ஒரு பங்கை எடுத்துப் போகிறது. ஆனால் பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கும் கிராங்க் பேரிங்குக்கும் தண்ணீர் போக வழியில்லை. அங்கிருந்து சூட்டை வாங்கிக்கொண்டு கீழேயுள்ள தொட்டிக்கு வந்து, கொஞ்சம் ஆறி, மறுபடி மேலே போவது ஆயில்தான்.

ஆயில் குறைந்தால் இருக்கிற கொஞ்ச ஆயிலே அத்தனை சூட்டையும் சுமக்கணும். ஆற நேரம் கிடைக்காது. மார்கழியில் உறைந்து கிடக்கும் தேங்காய் எண்ணெய் வாணலியில் தண்ணியாக ஓடுவதைப் பார்த்திருக்கிறோம் இல்லையா, அதே மாதிரி ஆயிலும் இளகி, ஏடு அறுந்து, உரசல் கூடி, சூடு இன்னும் ஏறும். கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொண்டு இன்ஜின் 'சீஸ்' ஆகிவிடும். அதுக்காக நிறைய ஊற்றினாலும் ஆபத்து. கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை சூட்டையும் தாங்காது, வழவழப்பும் தராது. "கெட்டி ஆயில் போட்டா வண்டி சூடாகாது" என்பதும் சரியில்லை. தேவைக்கு மேல் கெட்டியானால் இன்ஜின் சிரமப்பட்டுச் சுற்றி, அதனாலேயே சூடு கூடும். டப்பாவில் 15டபிள்யூ-40 என்கிற மாதிரி எண் இருக்கும். வண்டியோடு தந்த புத்தகத்தில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள், சீல் உடையாத டப்பாவாகப் பார்த்து.

முக்கியமாக ஒன்று. மீட்டரில் உள்ள சூட்டு முள் காட்டுவது கூலண்டின் சூட்டை, ஆயிலின் சூட்டை அல்ல. முள் நடுவில் இருக்கும்போதே ஆயில் இல்லாமல் பேரிங் தேயலாம். எண்ணெய்க் கிண்டி படம் போட்ட சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால் ஆயில் அழுத்தம் போய்விட்டது என்று அர்த்தம். 'ஊர் போய்ப் பார்த்துக்கலாம்' என்று ஓட்டக்கூடாது, அங்கேயே ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். முள் ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கூலண்ட், ஃபேன், பெல்ட். அப்போதும் ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள், நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

ஆயில் பார்ப்பது இட்லி வெந்ததா என்று குத்திப் பார்ப்பது போலத்தான். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். உடனே பார்த்தால் ஆயில் மேலேயே தங்கிக் குறைவாகக் காட்டும். டிப் ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, மறுபடி முழுக்க விட்டு எடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. டீசல் வண்டியில் ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பால் விட்ட டீ மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

வாரம் ஒருநாள், சேமிப்புப் பணம் வசூலிக்கும் அன்றைக்கே இதையும் பார்த்து, கிலோமீட்டரோடு நோட்டில் எழுதி, பார்த்தவர் கையெழுத்துப் போடட்டும். ஆயில் மாற்றிய தேதியும் அதிலேயே இருக்கட்டும். மாற்றிய கறுப்பு ஆயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டிவிடாமல், ஒர்க்‌ஷாப்பில் சேர்க்கும் பீப்பாயிலேயே ஊற்றச் சொல்லுங்கள்.