மாறும் அணியும் மாறா அணியும்

அணி என்றவுடன் தமிழ் பயிலும் நமக்கு உவமையும் உருவகமுமே நினைவிற்கு வரும். கணினி நூலாரோ அச்சொல்லை வரிசை என்னும் பொருளில் ஆள்கின்றனர். ஒரு பெயரின்கீழ் நிரல்பட நின்று, தத்தம் இடவெண்ணால் அழைக்கப்படும் தரவுகளின் தொகுதியே அணியாம். ஆக்கியபின் உறுப்புக்களை மாற்ற இடந்தருவது மாறும் அணி. தாராதது மாறா அணி. பைத்தான் மொழியின் லிஸ்ட் முன்னதற்கும், டியூபிள் பின்னதற்கும் சான்றாம்.

மாற்றவியலாத ஒன்றால் பயன் யாதெனச் சிலர் வினவலாம். பொருள்நோக்கு நிரலாக்கத்தில் ஓர் அணியைப் பல பொருள்கள் பகிர்ந்து கொள்வதுண்டு. ஒரு வகுப்பின் மதிப்பெண் அணியை 'ஆசிரியர்' என்னும் பொருளும் 'அலுவலகம்' என்னும் பொருளும் வைத்திருப்பதாகக் கொள்வோம். அங்குள்ளவை இரண்டு அணிகள் அல்ல. ஓரணிக்கு இட்ட இரு பெயர்களே. ஆசிரியர் ஓர் எண்ணைத் திருத்தின், அலுவலகம் அறியாமலே அதன் கணக்கும் மாறிவிடும். ஜாவா மொழியின் 'ஃபைனல்' என்னும் அடைமொழி இதனைத் தடுக்குமென எண்ணுதல் பொருந்தாது. அப்பெயரை வேறோர் அணிக்குச் சூட்டுவதை அது தடுக்குமேயன்றி, உறுப்புக்களைக் காவாது. ஆதலின் அகத்துள்ள அணியைப் பிறர்க்கு ஈயுங்கால் படியெடுத்து ஈதல் வேண்டும். அன்றேல் 2017இல் வெளிவந்த ஜாவா 9 தரும் மாறாப் பட்டியலை ஆளல் வேண்டும்.

மாறாமை வளர்ச்சிக்குத் தடையன்று. இதற்கு நம் இலக்கிய வரலாற்றிலேயே ஓர் ஒப்புமை உண்டு. திருத்தொண்டத்தொகையில் சுந்தரர் தனியடியார் 60 பேரைத் தொகுத்தார். பின்வந்த நம்பியாண்டார் நம்பி, சுந்தரரையும் அவர்தம் பெற்றோரையும் கூட்டி 63 ஆக்கினார். ஆயினும் பழம் பதிகத்துள் அவர் கைவைத்திலர். திருத்தொண்டர் திருவந்தாதி என்னும் புதுநூலே செய்தார். மயிலாப்பூர்ப் பங்குனித் திருவிழாவில் உலாவருவோர் அந்த 63 பேர். சுந்தரர் பதிகமும் தனித்தே நின்று ஓதப்படுகின்றது. மாறா அணியில் உறுப்புச் சேர்க்கும் முறையும் இதுவே: பழையதைத் தொடாது புதியதொன்று ஆக்கல்.

இம்முறைக்கு விலையும் உண்டு. 10,000 உறுப்புள்ள எளிய அணியில் ஒன்றை மாற்றவும் அனைத்தையும் படியெடுக்க நேரும். ஆகவே அடிக்கடி மாறுவதும் ஒருவரே ஆள்வதுமாகிய தரவுக்கு மாறும் அணி ஏற்றது. பலர் நம்பிப் பகிர்வதற்கு மாறா அணியே ஏற்றது. மாற்றும் உரிமை யாருக்கு உண்டென்பதை முதற்கண்ணே துணிதல் நிரல் வகுப்போர் கடனாம் என்பது நம் கருத்து.