காட்டுப்பாதைச் சப்பாத்தும் நம் கால்களும்



செனாயிலிருந்து பூலாய் மலை வெகு தூரமில்லை. அதன் உயரம் 654 மீட்டர். வார இறுதிக் காலைகளில் அங்கே போனால், மலையடிவாரத்தில் கார்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். ஜொகூர் பாரு, கூலாய், சிங்கப்பூர் என்று பல ஊர்களிலிருந்தும் ஓட்டக்காரர்களும் நடையர்களும் வருகிறார்கள். சிலர் உச்சிவரை போகும் தார்ச்சாலையில் நடப்பார்கள். சிலர் வேரும் சேறுமாகக் கிடக்கும் காட்டுப்பாதையில் ஏறுவார்கள். உங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்கூட அவர்களில் இருக்கலாம். நீங்களே போகிறவராகவும் இருக்கலாம்.

அவர்கள் கூடும் இடத்தில் சற்று நேரம் நின்றால், பேச்சு சப்பாத்தில்தான் வந்து நிற்கும். எது வழுக்காது, எது காலைக் கடிக்கும், எது ஆறே மாதத்தில் பிய்ந்துவிடும் என்று பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சில் வயதானவர்களுக்குப் பயன்படும் செய்திகள் நிறைய உண்டு. ஆனால் முப்பது வயதுக் காலுக்குப் பொருந்துவது எழுபது வயதுக் காலுக்கு அப்படியே பொருந்தாது. இனிப்புநீர் நோய் உள்ள காலுக்கு இன்னும் பொருந்தாது. எதை ஏற்கலாம், எதை விடலாம் என்பதே இந்தக் கையேட்டின் பாடம்.

தோட்டத்து ரப்பர் சப்பாத்து

முதலில் நமக்குத் தெரிந்த சப்பாத்திலிருந்து தொடங்குவோம். பால்மரம் வெட்டப் போனவர்கள் அணிந்த கறுப்பு ரப்பர் சப்பாத்தை உங்களில் பலர் அறிவீர்கள். ஒரே வார்ப்பாக, அடியில் முளை முளையாக இருக்கும். இன்றைய மலையேறிகளும் ஓட்டக்காரர்களும் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘அடிடாஸ் கம்போங்’. அந்தப் பெரிய நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வேடிக்கையாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. கினபாலு மலையில் சுமை தூக்குவோரும் வழிகாட்டிகளும் இதை அணிந்து ஏறுவதைப் பார்க்கலாம். அந்த மலையின் உயரம் 4,095 மீட்டர். சில நூறு வெள்ளி கொடுத்துச் சப்பாத்து வாங்கி வந்தவர்களை, பத்துப் பதினைந்து வெள்ளிச் சப்பாத்து போட்டவர் முந்திப் போவது அங்கே புதுமையல்ல.

இதன் சிறப்பாக ஓட்டக்காரர்கள் சொல்வது மூன்று. சேற்றிலும் ஈர மண்ணிலும் நன்றாகப் பிடிக்கும். தண்ணீரை உறிஞ்சாது, ஓடையைக் கடந்த பிறகு கவிழ்த்தால் போதும். விலை மலிவு. குறைகளையும் அவர்களே சொல்கிறார்கள். அடியில் மெத்தை கிடையாது. கூரான கல்லை மிதித்தால் பாதம் வரை குத்தும். காற்றுப் போகாது; வியர்வையில் கால் ஊறிவிடும். குதிகாலின் மேல் விளிம்பு உரசிக் கொப்புளம் வரும். அதனால்தான் பலர் முழங்கால் வரையிலான பந்து விளையாட்டுக் காலுறை போட்டுக்கொண்டு அதை அணிகிறார்கள். அட்டைக் கடியும் அதனால் குறைகிறது. பாசி படிந்த பாறையில் இதை நம்பலாமா என்பதில் அவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

பல ஆண்டுகள் இதைப் போட்டு உழைத்த கால்கள் உங்களுடையவை. “அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லையே, இன்றைக்கு மட்டும் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சப்பாத்து மாறவில்லை, கால் மாறிவிட்டது. வயதாக ஆகப் பாதத்தின் அடியிலுள்ள கொழுப்பு மெத்தை மெலிகிறது, தோல் காய்கிறது, விரல்கள் வளைகின்றன, பாதம் அகலமாகிறது. அன்று ஏழாம் அளவு போட்டவருக்கு இன்று எட்டாம் அளவு தேவைப்படலாம். அன்று கொப்புளம் வந்தால் வலித்தது, வலித்ததால் கழற்றினீர்கள். இன்று வலிக்காமலே போகலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறோம்.

புதுவகைச் சப்பாத்து

கடையில் ‘டிரெயில்’ சப்பாத்து என்று விற்பவை காட்டுப்பாதைக்கென்றே செய்யப்பட்டவை. அடியில் டிராக்டர் சக்கரம்போல் ஆழமான பற்கள் இருக்கும். விரல் நுனியைக் காக்கக் கெட்டியான முன்பகுதி இருக்கும். சிலவற்றில் கல் குத்தாமலிருக்க அடியில் ஒரு தகடும் வைத்திருப்பார்கள். மண்ணிலும் வேரிலும் இவை நன்றாகப் பிடிக்கும், பாதத்தைக் காக்கும். இதில் ஓட்டக்காரர்களுக்கு மறுப்பில்லை.

குறைகள் வேறு இடத்தில் உள்ளன. ஆழமான பற்கள் தார்ச்சாலையில் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதைவிட முக்கியம், வழவழப்பான தரையில் அந்தப் பற்களின் நுனி மட்டுமே தரையைத் தொடுகிறது. நனைந்த மொசைக் தரை, கழுவிய சிமெண்டு வாசல், சந்தையின் ஈரமான ஓடு ஆகியவற்றில் அது வழுக்கும். மலையில் பிடித்த சப்பாத்து வீட்டு வாசலில் விழவைக்கும். காலையில் தாமான் நடைபாதையிலும் கடைத்தெருவிலும் மட்டும் நடப்பவர்களுக்கு இந்தச் சப்பாத்து தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. பற்கள் ஆழமில்லாத, அடிப்பாகம் அகலமாகத் தரையில் படியும் சாதாரண நடைச் சப்பாத்தே நல்லது.

தண்ணீர் புகாத மேல்துணி போட்ட சப்பாத்தைக் கடைக்காரர் சிறப்பாகச் சொல்வார். நம் ஊர் மழையில் கணுக்கால் வழியாக ஒருமுறை தண்ணீர் இறங்கிவிட்டால், அது வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும் என்று ஓட்டக்காரர்கள் குறைப்படுகிறார்கள். வலைத்துணி போட்ட சப்பாத்து நனைந்தாலும் சீக்கிரம் காயும். விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது மிகப் பருமனான மெத்தை வைத்த சப்பாத்துகள் நிறைய வருகின்றன. நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் முழங்காலுக்கு இதமாக இருக்கிறது என்கிறார்கள். வேறு சிலர், தரை தெரியவில்லை, கணுக்கால் புரள்கிறது என்கிறார்கள். வயதானவர்களைப் பொறுத்தவரை இரண்டாவது கூட்டத்தின் பேச்சில் உண்மை அதிகம். பருமனான மென்மையான அடிப்பாகம் முதியோரின் உடல் சமநிலையைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பாதம் தரையை உணர்ந்தால்தான் உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கடையில் அழுத்திப் பார்த்து, “பஞ்சு மாதிரி இருக்கிறது” என்று வாங்கிவிடாதீர்கள்.

இன்னொரு செய்தி. மகனோ மகளோ வாங்கிக் கொடுத்த நல்ல சப்பாத்தை ‘தீபாவளிக்குப் போடலாம்’ என்று பெட்டியிலேயே வைத்திருப்போம். சில ஆண்டுகள் கழித்து எடுத்துப் போட்டு நாலு அடி வைத்ததும் அடிப்பாகம் கட்டி கட்டியாக உதிர்ந்து கையோடு வரும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். பாலியூரித்தேன் என்னும் பொருளால் செய்த அடிப்பாகத்தைக் காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்லச் சிதைக்கிறது. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் அது இன்னும் வேகமாக நடக்கும். போடாமல் வைத்திருந்தாலும் நடக்கும். நடுவழியில் அடிப்பாகம் கழன்றால் விழுவது நிச்சயம். எனவே நெடுநாள் வைத்திருந்த சப்பாத்தை முதலில் வளைத்துப் பாருங்கள். கட்டை விரலால் அடிப்பாகத்தை அழுத்துங்கள். வெடிப்போ பொடியோ தெரிந்தால் அது குப்பைக்குத்தான்.

வலிக்காத கால்

மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு என்று 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கூறுகிறது. இந்தியர்களிடையே இந்த விகிதம் மற்ற இனத்தாரைவிட அதிகம். நெடுங்காலம் இரத்தத்தில் இனிப்பு கூடியிருந்தால் பாத நரம்புகள் பழுதடைகின்றன. முதலில் எரிச்சல், ஊசி குத்துவதுபோன்ற உணர்வு வரலாம். பிறகு மரத்துப்போகும். சிலருக்கு எரிச்சலே இல்லாமல் நேராக மரத்துப்போகும். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சின்னப் புண்கூட ஆறாது. சப்பாத்துக்குள் விழுந்த ஒரு சிறு கல்லோ உரசிய ஒரு கொப்புளமோ புண்ணாகி, புண் அழுகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோன கதை நம் உறவுகளிலேயே இருக்கும். அதன் தொடக்கம் பெரும்பாலும் காலணிதான்.

உங்கள் காலில் உணர்வு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். காலுறையைக் கழற்றிப் படுத்துக்கொள்ளுங்கள்; கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள ஒருவர் தம் விரல் நுனியால் உங்கள் கால்விரல் நுனியை இலேசாக, ஓரிரு வினாடி தொடவேண்டும். அழுத்தவோ தடவவோ கூடாது. ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என மொத்தம் ஆறு இடம். தொட்டது தெரிந்ததும் ‘வலது’ அல்லது ‘இடது’ என்று சொல்லுங்கள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் தெரியாமல் போனால் உணர்வு குறைந்திருக்கிறது என்று பொருள். கிளினிக்குக்குச் சென்று சொல்லுங்கள். அங்கே மெல்லிய நைலான் இழையால் தொட்டு முறையாகச் சோதிப்பார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதப் பரிசோதனை தேவை.

உணர்வு குறைந்தவர்கள் அடிமெத்தை இல்லாத ரப்பர் சப்பாத்தை அணிய வேண்டாம். காட்டுப்பாதையும் வேண்டாம், சமமான பாதையில் நடங்கள். பூங்காவில் பதித்திருக்கும் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடப்பது இரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று நண்பர்கள் அழைப்பார்கள். மரத்துப்போன காலுக்கு அது ஆகாது. கோயிலில் சப்பாத்தைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் உச்சி வெயிலில் சுடும் சிமெண்டு முற்றம் தோலைச் சுட்டுவிடும்; உங்களுக்குத் தெரியாது. காலையிலேயே போய்விடுங்கள். திருவிழா நாளில் தார்ச்சாலையில் நடக்கவேண்டியிருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். சுடுதண்ணீரில் கால் வைக்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கடையில்

மாலை நேரத்தில் வாங்கப் போங்கள். பகல் முழுதும் நடந்த பிறகு கால் சற்று வீங்கியிருக்கும். அந்த அளவுக்குத்தான் சப்பாத்து பொருந்தவேண்டும். வழக்கமாகப் போடும் காலுறையோடு போட்டுப் பாருங்கள். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருப்பதில்லை. பெரிய பாதத்துக்கு ஏற்றதை எடுங்கள். நின்றுகொண்டு பார்த்தால், மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்கவேண்டும். குதிகால் வழுகக்கூடாது. “போடப் போட இளகிவிடும்” என்று விற்பவர் சொன்னால் வாங்காதீர்கள். கயிறோ ஒட்டுப்பட்டையோ வைத்து இறுக்கக்கூடியதாக இருக்கட்டும். குனியச் சிரமப்படுகிறவர்களுக்கு ஒட்டுப்பட்டை எளிது.

புதுச் சப்பாத்தை முதல் நாள் அரைமணி நேரம் மட்டும் போடுங்கள். கழற்றியதும் பாதத்தில் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். தடம் இல்லையென்றால் நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டலாம். ஓட்டக்காரர்கள் ஒரு சோடியை 500 முதல் 800 கிலோமீட்டர் வரை வைத்துக்கொள்வார்கள். நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. சப்பாத்தை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலோ, குதிப்பகுதி வழவழவென்று தேய்ந்திருந்தாலோ மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது.

ஒவ்வொரு முறையும் போடுமுன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கல், ஆணி, மடிந்த உள்தட்டு, நம் ஊரில் பல்லியும் பூரானும்கூட இருக்கும். இரவில் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்; பார்வை குறைந்தவர்கள் வீட்டிலுள்ளவரைப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் இடுக்கைத் துடைத்துக் காயவையுங்கள். குதிகால் வெடிப்புக்குக் களிம்பு தடவலாம். விரல் இடுக்கில் தடவவேண்டாம்.

வீட்டுக்குள்

வெளியே இவ்வளவு பார்த்துப் பார்த்து நடக்கும் நாம், வீட்டுக்குள் வழவழப்பான தரையில் வெறுங்காலோடு நடக்கிறோம். வெறுங்காலோடும், காலுறை மட்டும் போட்டுக்கொண்டும் வீட்டுக்குள் நடக்கும் முதியோர் விழும் வாய்ப்பு அதிகம். வாசலில் சப்பாத்தைக் கழற்றும் நம் வழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. வீட்டுக்கென்றே தனியாக, குதிகாலை மூடிய, அடி வழுக்காத ஒரு சோடி வைத்துக்கொள்ளுங்கள். சிலிப்பர் வேண்டாம், அதை விரலால் பற்றி இழுத்து நடக்கவேண்டியிருக்கிறது. குளியலறைக்குப் போகும் வழியில் அது கழன்றால் இடுப்பெலும்பு முறியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நடையை நிறுத்திவிடாதீர்கள். முதியோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சமநிலைப் பயிற்சியும் வாரத்துக்கு மூன்று நாளாவது வேண்டும். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் பத்து வினாடி நிற்பதும் அந்தப் பயிற்சியில் சேரும். கால் நலமாக உள்ளவர்கள் பூலாய் மலைக்கும் போகலாம். தனியாகப் போகவேண்டாம், மழை பெய்த மறுநாள் போகவேண்டாம். ஓடையில் இறங்கியிருந்தால், வீடு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கீறல் உள்ள காலோடு இறங்கவே வேண்டாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஓடையில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

காலில் கொப்புளம், நிறமாற்றம், நீர்க்கசிவு, துர்நாற்றம், ஒரு பாதம் மட்டும் சூடாக வீங்கியிருப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும், வலி இல்லாவிட்டாலும், அன்றே கிளினிக்குக்கு வாருங்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தவேண்டாம். காலாணியைப் பிளேடால் சீவவேண்டாம். வரும்போது நீங்கள் தினமும் போடும் சப்பாத்தையே போட்டு வாருங்கள், பழையதானாலும் பரவாயில்லை. புண் எந்த இடத்தில் உரசி வந்தது என்பதை அதன் உட்புறத்தைப் பார்த்தே தாதியர் பல நேரங்களில் கண்டுபிடித்துவிடுவார்கள்.