சேர்வராயன் மலையைக் கோளத்தில் ஏற்றும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அடிவாரத்திலிருந்து நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். கறுப்பு வானத்தில் சுழலும் பூமி, அப்படியே தமிழ்நாட்டை நோக்கி இறங்கி, சேலத்தில் அஸ்தம்பட்டி, கோரிமேடு எல்லாம் தாண்டி, ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் இடத்தில் வந்து நிற்கிறது. தனி ஆளாக உட்கார்ந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறாய், சந்தோஷம். ஆனால் கேமரா தரையைத் தொட்டதும் நீ வைத்திருக்கும் சோதனைச்சாவடிக் கட்டடம் கிடுகிடுவென்று நடுங்குகிறதே, ஏன் என்று கேட்டிருந்தாய். கிராபிக்ஸ் கார்டு பழசு என்று நண்பர்கள் சொன்னார்களாம். கார்டு மேல் பழியைப் போடாதே.

பூமியின் மையத்தைப் பூஜ்யமாக வைத்து அந்தக் கட்டடத்தின் மூலைகளைக் குறித்திருக்கிறாய். பூமியின் நடுக்கோட்டு ஆரம் 63,78,137 மீட்டர். ஜிபியு வழக்கமாகக் கையாளும் 32 பிட் எண்ணில் ஏழு இலக்கம்தான் உருப்படியாக நிற்கும். இவ்வளவு பெரிய எண்ணுக்குப் போனால் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே அரை மீட்டர் இடைவெளி விழுந்துவிடும். கேமரா விரற்கடை நகர்ந்தாலும் மூலை அரை மீட்டர் தாவும். அதுதான் நடுக்கம். மூலையின் இடத்திலிருந்து கேமராவின் இடத்தைக் கழிப்பதை 64 பிட்டில் சிபியுவிலேயே செய்து, கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை மட்டும் ஜிபியுவுக்கு அனுப்பு, நின்றுவிடும். பேட்ரிக் கோஸியும் கெவின் ரிங்கும் 2011இல் மெய்நிகர் கோளங்களைக் கட்டுவது பற்றி எழுதிய புத்தகத்தில் இதற்கே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தேடிப்பிடித்துப் படி. செசியம் என்ற கோளத்தை உருவாக்கியதில் முக்கியமான கை கோஸியுடையது.

நடுக்கம் கண்ணுக்குத் தெரிகிற பிழை, அதனால் எப்படியும் சரிசெய்துவிடுவாய். கண்ணுக்குத் தெரியாத பிழைகளுக்காகத்தான் இந்தக் கடிதம். கோளம் எவ்வளவு வழவழப்பாக ஓடுகிறதோ, பார்ப்பவர் அவ்வளவு சீக்கிரம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார். காகித வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு அது யாரோ வரைந்தது என்ற நினைப்பாவது இருந்தது. உன் கோளத்தைப் பார்ப்பவர் மலையையே நேரில் பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்.

இந்தத் துறையின் வரலாற்றை நீ அரைகுறையாகத் தெரிந்துவைத்திருக்கிறாய் என்று உன் கடிதத்தில் தெரிகிறது. கூகுள் எர்த்தோடு எல்லாம் தொடங்கியதாக எழுதியிருக்கிறாய். 1994இலேயே பெர்லினில் ஆர்ட்+காம் என்ற குழு டெர்ராவிஷன் என்று ஒரு கோளத்தை ஓட்டிக் காட்டிவிட்டது. அதற்கு அன்றைக்கு விலையுயர்ந்த சிலிக்கான் கிராபிக்ஸ் எந்திரம் வேண்டியிருந்தது. 1998 ஜனவரியில் அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் ஒரு பேச்சில் ‘டிஜிட்டல் பூமி’ எப்படி இருக்க வேண்டும் என்று விவரித்தார். கீஹோல் நிறுவனம் 2001இல் தொடங்கி, 2003 ஈராக் போரின்போது தொலைக்காட்சிச் செய்திகளில் அதன் படங்கள் வந்து பேர் வாங்கியது. 2004இல் கூகுள் அதை வாங்கி, 2005 ஜூனில் கூகுள் எர்த்தாக இலவசமாகவே கொடுத்தது. அந்த வருடம் அக்டோபரில் நம் அப்துல் கலாம், குடியரசுத் தலைவராக, ஹைதராபாதில் காவல்துறை அதிகாரிகளிடையே பேசும்போது இத்தகைய படங்கள் பயங்கரவாதிகளுக்கு உதவக்கூடும் என்று கவலைப்பட்டார். ஏவுகணை செய்தவருக்கு ஒரு படத்தின் மதிப்பு தெரியாதா? நான்கு வருடம் கழித்து, 2009 ஆகஸ்ட் 12 அன்று, இஸ்ரோ தன் புவன் கோளத்தை வெளியிட்டது.

புவனை அன்றைக்குப் பலரும் கூகுளோடு ஒப்பிட்டுக் கிண்டல் செய்தார்கள். உலாவியில் தனியாக ஒரு செருகுநிரலை நிறுவச் சொல்லும், மெதுவாக ஏறும் என்றெல்லாம். குறைகள் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கார்ட்டோசாட்-1 முன்னோக்கி ஒரு கேமரா, பின்னோக்கி ஒரு கேமரா வைத்து எடுத்த இரட்டைப் படங்களிலிருந்து உருவான கார்ட்டோடெம் உயரத் தரவை இன்றைக்கு நீ காசில்லாமல் இறக்கிக்கொள்வது அந்தப் புவனிலிருந்துதான். காட்சிக்குப் போட்டி போட்டதைவிடத் தரவைக் கொடுத்ததுதான் பெரிய காரியம் என்பது என் கட்சி. செருகுநிரல்கள் எல்லாமே செத்துப்போயின, கூகுளுடையதும்தான். கீஹோல் காலத்தில் வந்த, இடக்குறிகளைச் சேமிக்கும் கேஎம்எல் கோப்பு வடிவம் 2008இல் பொதுத் தரநிலையாகி இன்னும் உயிரோடு இருக்கிறது. உன் குறியீடுகளை எதில் சேமிக்கலாம் என்று யோசிக்கும்போது இதை நினைத்துக்கொள்.

இனி உயரத்துக்கு வருவோம். உன் வீடியோவில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். ஏற்காடு ஏரியின் படகுத்துறை தண்ணீரிலிருந்து வெகு உயரத்தில் மிதக்கிறது. நீ அதைக் கையால் கீழே இழுத்து உட்காரவைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். அப்படிச் செய்யாதே தம்பி. அது எவ்வளவு உயரத்தில் மிதந்தது என்று பார்த்தாயா? ஏறத்தாழ 90 மீட்டர் இருந்திருக்கும். ஏரி கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதை அப்படியே கோளத்தில் போட்டிருப்பாய். கோளம் கடல்மட்டத்திலிருந்து அளப்பதில்லை. கணக்குக்காக வைத்துக்கொண்ட ஒரு வழவழப்பான நீள்கோளத்திலிருந்து அளக்கிறது. பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லாததால் உண்மையான கடல்மட்டம் அந்த நீள்கோளத்துக்கு மேலும் கீழுமாக ஏறி இறங்கும். உலகத்திலேயே அது மிக ஆழமாக இறங்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, 106 மீட்டர். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நாம் குடியிருக்கிறோம். ஐரோப்பாவில் இருப்பவன் இதே தவறைச் செய்தால் அவன் கட்டடம் பள்ளத்துக்குள் புதைந்துபோகும், நம்முடையது ஆகாயத்தில் தொங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் ஈஜிஎம்2008 மாதிரியைப் போட்டு ஒவ்வொரு புள்ளிக்கும் வித்தியாசத்தைக் கழி. கையால் இழுத்தால் படகுத்துறை சரியாகும், அதற்கு அடுத்த கட்டடம் தப்பாகும்.

பழைய டோபோ ஷீட்டை ஸ்கேன் செய்து போர்த்தியபோது கோயில் ஓரிடத்திலும் குறி வேறிடத்திலும் விழுந்ததாகச் சொன்னாயே, அதுவும் இந்த வகைப் பிரச்சினைதான். அந்தத் தாள்கள் 1830இல் நில அளவையாளர் எவரெஸ்ட் கணக்கிட்ட நீள்கோளத்தில் வரையப்பட்டவை. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ்84. இரண்டுக்கும் இடையே நம் பக்கத்தில் நூறு மீட்டருக்கு மேல் விலகல். அந்தக் கணக்குக்கு அடிப்படையான நில அளவையைத் தொடங்கியவர் லாம்டன். 1802 ஏப்ரலில் அவர் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். பிறகு அவர் தெற்கு வடக்காக அளந்த பெருவளைவு 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டிப் போகிறது. நம் மலை அந்த ரேகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அரை டன் எடையுள்ள தியோடலைட்டை 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து அது நசுங்கிப்போனது. மனுஷன் கூடாரத்தில் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டி நிமிர்த்தி மறுபடி அளந்தார். மவுஸால் படகுத்துறையை இழுத்துவிட்டவனுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

மலைப்பாதை. அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். உன் தரைவடிவம் எஸ்ஆர்டிஎம் தரவு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 60 மீட்டர் நீளக் கம்பத்தை நீட்டிப் பதினொரு நாளில் எடுத்தது. அதில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. கொண்டை ஊசி வளைவில் போகிற ரோடும் வருகிற ரோடும் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்குள்ளேயே அடங்கிவிடும். அப்போது கோளத்தில் ரோடு மலைச்சரிவின் சாய்வையே எடுத்துக்கொண்டு பள்ளத்தின் பக்கம் சாயும்; வளைவில் திடீரென்று சுவர்போல் ஏறும், அடுத்த நொடியே இறங்கும். உன் வீடியோவில் பஸ் போகும்போது இது நடக்கிறது, நீ வேகத்தைக் கூட்டி மறைத்திருக்கிறாய். ரோட்டின் வழியே நீளவாக்கில் உயரத்தை வரைந்து பார். மலை ரோடு என்றால் போட்ட எஞ்சினியர் சீரான ஏற்றமாகத்தான் போட்டிருப்பார். உன் வரைவு ரம்பப் பல்லாக வந்தால் மலை அப்படி இல்லை, உன் தரவு அப்படி. ரோட்டின் உயரத்தைத் தனியாக அளந்து தரைவடிவத்துக்குள் பதி.

காபித் தோட்டங்களில் இன்னொரு சங்கதி. அங்கே நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி, கீழே காபிச் செடி. ரேடாரோ கேமராவோ பார்ப்பது பெரும்பாலும் மரத்தின் தலையைத்தான். மரம் வெட்டிய தோட்டமும் வெட்டாத தோட்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கோளத்தில் நடுவே ஒரு படிக்கட்டு முளைக்கும். சும்மா பறந்து பார்க்கிறவருக்கு இது ஒன்றுமில்லை. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று உன் கோளத்தை நம்பி ஒருவர் கணக்குப் போட்டால் ஓடையே வேறு பக்கம் திரும்பிவிடும். தேதியும் அப்படித்தான். மலையின் மேல் பாக்சைட் வெட்டிய காலம் ஒன்று உண்டு. வெட்டியபோது எடுத்த படத்தையும் பிறகு எடுத்ததையும் ஒட்டுப் போட்டு நிறத்தைச் சரிக்கட்டிவிட்டால், எந்த வருடத்திலும் இல்லாத ஒரு மலையை நீ உருவாக்கிவிடுகிறாய். ஒவ்வொரு படத்துண்டுக்கும் எடுத்த தேதியைச் சேர். திரையின் ஓரத்தில் சின்னதாகக் காட்டினால் போதும். அழகு கெடும் என்று முனகுவாய், கெடட்டும்.

ஊர்ப் பெயர்களில் அவசரப்படாதே. அடிவாரம் என்று தேடினால் பழனியும் வரும், கொல்லிமலையும் வரும், வயநாட்டுச் சுரத்தின் கீழே இருக்கும் அடிவாரமும் வரும். பெயரை மட்டும் நம்பாமல் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடு. மலைக்கிராமங்களின் பெயரை அங்கே இருக்கிற மலையாளிப் பழங்குடி மக்களிடம் கேட்டுத் தமிழில் எழுது. ஆங்கில எழுத்தில் இருந்து திருப்பி எழுதினால் அவர்களுக்கே அடையாளம் தெரியாது. அரிய ஆர்க்கிட் வளரும் இடங்களையும் குறித்திருக்கிறாய். அந்த அடுக்கை எடுத்துவிடு. பார்க்க விரும்புகிறவர்கள் ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போகட்டும். பிடுங்கிப் போகிறவனுக்கு நீ வழிகாட்ட வேண்டாம்.

சட்டம் பற்றிப் பயந்து எழுதியிருந்தாய். 2021 பிப்ரவரி 15 அன்று வந்த வழிகாட்டுதல்களுக்குப் பிறகு இந்தியர்கள் வரைபடம் செய்ய முன் அனுமதி தேவையில்லை. விலக்கப்பட்ட சில விவரங்கள் மட்டும் உண்டு. கிடைமட்டத்தில் 1 மீட்டர், உயரத்தில் 3 மீட்டரைவிட நுணுக்கமான தரவை வெளிநாட்டு சர்வரில் வைக்காதே.

கடைசியாக, பெங்களூரில் வேலை கிடைத்தால் போகலாமா என்ற கேள்வி. போ. சம்பளமும் வேண்டும், பத்துப் பேரோடு வேலை செய்யவும் தெரிய வேண்டும். ஆனால் அங்கே போனால் எல்லா மலையும் திரையில்தான் இருக்கும், சரியா தப்பா என்று போய்ப் பார்க்க முடியாது. இங்கே வாசலிலேயே ஒன்று நிற்கிறது. அதனால் போகும் முன் ஏற்காடு பஸ்ஸில் முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, போனில் ஜிபிஎஸ் பதிவைப் போட்டுக்கொண்டு மேலே போய்விட்டு வா. வளைவு எண் எழுதிய பலகை தாண்டும்போதெல்லாம் நேரத்தைக் குறி. ஆண்ட்ராய்டு கொடுப்பது பெரும்பாலும் நீள்கோள உயரம், ஐபோன் கொடுப்பது கடல்மட்ட உயரம், இரண்டையும் கலக்காதே. ஒரே பயணத்தை நம்பாதே, வேறு வேறு நாளில் எடுத்துச் சராசரி பார். அந்தக் கோப்பை எனக்கு அனுப்பு. உயரம் எதிலிருந்து அளந்தது என்று முதல் வரியில் எழுதாமல் அனுப்பினால் திறக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
அண்ணன்