அணுவும் பரமாணுவும்

தியாகராய நகர் நகைக்கடையில் ஒளிரும் வைரமும், நம் பிள்ளைகளின் பென்சிலிலுள்ள கிராஃபைட்டும் கார்பன் என்னும் ஒரே தனிமமே. வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு அணுக்களோடு பிணைந்துள்ளது. ஆதலின் அது மிகக் கடினமானது. கிராஃபைட்டில் மூன்றனோடு மட்டும் பிணைந்து அடுக்குகளாகின்றது. அவ்வடுக்குகள் எளிதில் நழுவித் தாளில் படிகின்றன. பிணைப்பு மாறின் பண்பும் மாறும்.

புத்கலப் பரமாணுக்கள் நெய்ப்பு, வறட்சி என்னும் குணங்களால் கூடி ஸ்கந்தமாகும் என்கிறது தத்வார்த்த சூத்திரம். இவ்வொப்புமை கண்டு மகிழும் நாம், அணுவே பரமாணு எனப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாகாது. பரமாணு பகுக்கவொண்ணாதது. பாடநூல் கூறும் அணுவுக்குள்ளோ உறுப்புகள் உண்டு. அவற்றுள் ஒன்றான எலெக்ட்ரானை 1897இல் ஜே. ஜே. தாம்சன் கண்டறிந்தார். இரண்டையும் குழப்பினால் தேர்வில் விடை பிழையாகும். சூத்திரத்தின் பொருளும் திரியும். ஆகவே, இரண்டையும் தனித்தனியே தெளிவுறக் கற்பிப்போமாக.