குட்டி ஓணானுக்கு வெயில்தான் பாதிச் சாப்பாடு!

"எல்லார் வீட்லயும் நாய் வளர்க்கிறாங்க, பூனை வளர்க்கிறாங்க. நான் ஓணான் வளர்க்கப் போறேம்மா!" என்று உங்கள் பையனோ பெண்ணோ வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? "அய்யய்யோ, சுவத்துல இருக்கற பல்லி போதாதா!" என்று முதலில் அலறுவீர்கள். பிறகு பிள்ளையின் பிடிவாதம் ஜெயிக்கும். ஒரு நாள் அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்தபடி விரல் நீளக் குட்டி ஒன்று வீட்டுக்கு வந்து சேரும்.

வந்தது வந்துவிட்டது. இனி அதை ஒழுங்காக வளர்ப்பது எப்படி? அதனால் வீட்டில் யாருக்கும் நோய் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி? இந்த இரண்டையும்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

யார் இந்த விருந்தாளி?

செல்லப் பிராணிக் கடைகளில் புதியவர்களுக்கு ஏற்றது என்று சொல்லப்படும் பல்லி இனங்களில் முக்கியமானது பியர்டட் டிராகன். கழுத்தடியில் முள் முள்ளாக ஒரு பை. கோபம் வந்தால் அது உப்பிக் கறுத்து, தாடி வைத்த மாதிரி தெரியும். அதனால் நாம் 'தாடி ஓணான்' என்றே அழைப்போம். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பகுதி. பகல் முழுக்கப் பாறையிலும் மரக்கட்டையிலும் வெயில் காய்கிற ஜாதி. வளர்ந்தால் வாலோடு சேர்த்து ஒன்றரை அடி முதல் 2 அடி வரை வரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் சுமார் 10 வருஷம் வாழும். அதாவது, இன்று ஐந்தாம் வகுப்பில் இருக்கிற உங்கள் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போதும் இது வீட்டில் இருக்கும். அப்போது யார் பார்த்துக்கொள்வது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. நம் ஊர் உடும்பையும் பச்சோந்தியையும் பிடித்து வந்து வளர்ப்பது 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இகுவானா போல சர்வதேச வணிக ஒப்பந்தப் பட்டியலில் இருக்கும் வெளிநாட்டு ஜீவன்களை வளர்த்தால் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். 2022-ல் திருத்திய சட்டமும் 2024-ல் வந்த விதிகளும் இதைச் சொல்கின்றன. ஆகவே எந்த ஜீவனை வாங்கினாலும் அது என்ன இனம், எங்கே பொரித்தது என்று கேட்டு, பில் வாங்கி வையுங்கள்.

வெயில் எப்படிச் சாப்பாடாகும்?

புதிதாக வளர்ப்பவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "என்ன சாப்பிடும்?" என்பதுதான். ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி, "எந்த வெளிச்சத்தில் சாப்பிடும்?" என்பது.

குழந்தைகளுக்கு வருகிற ரிக்கெட்ஸ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எலும்பு வலுவிழந்து கால் வில் போல வளைந்துவிடும். பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற டாக்டர், அப்படிப்பட்ட குழந்தைகள் மேல் புற ஊதாக் கதிர் விளக்கின் ஒளியைப் படவைத்துக் குணமாக்கினார். அதை 1919-ல் உலகத்துக்கு அறிவித்தார். தோலில் அந்தக் கதிர் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும். டி3 இருந்தால்தான் சாப்பாட்டில் இருக்கும் கால்சியத்தைக் குடல் ஒழுங்காக உறிஞ்சும்.

தாடி ஓணானுக்கும் இதே கதைதான். கதிர் கிடைக்காவிட்டால் என்னதான் கால்சியம் கொடுத்தாலும் பெரும்பகுதி வீணாகிவிடும். ரத்தத்தில் கால்சியம் குறைந்ததும் உடம்பு என்ன செய்யும் தெரியுமா? எலும்பிலிருந்து சுரண்டி எடுக்கும். குட்டியோ வேகமாக வளர்கிற பருவத்தில் இருக்கிறது. வெளியே பார்த்தால் நன்றாகத்தான் சாப்பிடும், ஓடும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ தாடை ரப்பர் மாதிரி ஆகி, கால் நடுங்க ஆரம்பித்த பிறகுதான் நமக்கே தெரியும். வளைந்த எலும்பை அதற்குப் பிறகு பழையபடி நிமிர்த்துவது கஷ்டம்.

இதோடு சூடும் வேண்டும். நம்மைப் போல அதன் உடம்பு தானாகச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளாது. சாப்பிட்டது செரிக்க வேண்டுமென்றாலே வெளியிலிருந்து சூடு கிடைக்க வேண்டும். ஆக, வீடு சரியில்லை என்றால் சாப்பாடும் சரியில்லை என்றுதான் அர்த்தம்.

வீட்டை அமைப்பது எப்படி?

அளவு: குட்டிக்கு 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம் உள்ள கண்ணாடித் தொட்டியோ மரக்கூண்டோ ஆரம்பத்துக்குப் போதும். ஒரு வருஷத்துக்குள் கிட்டத்தட்ட முழு அளவு வளர்ந்துவிடும். அப்போது 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் வேண்டும். இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மேலே காற்றுப் போக வலை இருக்கட்டும்.

சூடு: கூண்டின் ஒரு மூலைக்கு மேலே, ஓணான் எட்ட முடியாதபடி, ஹாலஜன் அல்லது குண்டு பல்பு மாட்டுங்கள். அதன் கீழே ஒரு மரக்கட்டையோ தட்டையான கல்லோ வையுங்கள். அந்த இடம் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக இருக்கலாம். எதிர் மூலை 25 முதல் 29 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு வேண்டுமென்றால் இங்கே, போதுமென்றால் அங்கே என்று அதுவே நடந்து போய்த் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூலைக்கும் தெர்மாமீட்டர் வையுங்கள்.

நம் ஊரில் குளிரைவிட வெப்பம்தான் பெரிய பிரச்னை. கத்திரி வெயில் நாட்களில் குளிர்ந்த மூலையே 35 டிகிரியைத் தொட்டுவிடும். அப்போது சூட்டு பல்பை அணைத்துவிட்டு, கூண்டை வீட்டிலேயே குளுமையான அறைக்கு மாற்றுங்கள். வாயைப் பிளந்துகொண்டு, சூட்டு மூலையை விட்டு விலகியே கிடந்தால், "வெயில் தாங்கலை" என்று அது சொல்வதாக அர்த்தம். இரவில் 20 டிகிரி வரை இறங்கினால் பரவாயில்லை. ஊட்டி, கொடைக்கானல்வாசிகள்தான் இரவுக் குளிருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

கதிர் விளக்கு: இது சூட்டு பல்பு இல்லை, தனி விளக்கு. 'யுவிபி' என்று கேட்டு, ஊர்வனவற்றுக்கென்றே வருகிற நீளக் குழல் விளக்காக வாங்குங்கள். வீட்டு டியூப்லைட், எல்.இ.டி. எதுவும் இதற்கு ஈடாகாது. எவ்வளவு உயரத்தில் மாட்ட வேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருந்தால் கதிர் உள்ளே வராது. தினமும் 12 மணி நேரம் எரியட்டும். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள். வெளிச்சம் வந்தாலும் நாளாக ஆகக் கதிர் குறைந்துபோகும். ஆகவே கம்பெனி சொல்கிறபடி 6 மாதத்துக்கோ 12 மாதத்துக்கோ ஒருமுறை மாற்றியாக வேண்டும். மாட்டிய தேதியை விளக்கின் ஓரத்தில் எழுதி ஒட்டி வையுங்கள்.

"ஏங்க, இங்கே இல்லாத வெயிலா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். காலையில் 8 மணிக்கு மேல், வெயில் கொளுத்துவதற்கு முன்னால், 20 நிமிஷம் மொட்டை மாடியிலோ பால்கனியிலோ காட்டினால் ரொம்ப நல்லது. ஆனால் கம்பிவலைப் பெட்டியில், பாதி நிழலோடு, நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு காட்ட வேண்டும். காக்கையும் பூனையும் காத்துக்கொண்டிருக்கும்! கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைக்கவே கூடாது. சில நிமிஷங்களிலேயே உள்ளே அடுப்பாகிவிடும். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயிலில் சூடு உண்டு, இந்தக் கதிர் கிடையாது.

தரை: பழைய செய்தித்தாள் அல்லது டைல்ஸ் போதும். அழகுக்காக மணல் போடாதீர்கள். குட்டி பூச்சியோடு மணலையும் விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும்.

ஜோடி வேண்டாம்: "தனியா இருந்தா பாவம்" என்று இரண்டாவதை வாங்கி உள்ளே விடாதீர்கள். ஒன்று இன்னொன்றின் விரலையும் வால் நுனியையும் கடித்துவிடும். நம் வீட்டுப் பல்லிக்கு வால் முளைப்பதுபோல இதற்கு முளைக்காது.

தட்டில் என்ன வைப்பது?

பெரிய ஓணான் பெரும்பாலும் கீரை தின்னும். குட்டி அப்படியில்லை. அதன் சாப்பாட்டில் முக்கால் பங்கு பூச்சியாகவும் கால் பங்கு கீரையாகவும் இருக்க வேண்டும். சைவக் குடும்பங்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். உயிருள்ள பூச்சி இல்லாமல் குட்டியை ஆரோக்கியமாக வளர்க்க முடியாது. மனசு ஒப்பவில்லையென்றால் வாங்காமல் இருப்பதே தர்மம்.

* எந்தப் பூச்சி: கடையில் வளர்த்து விற்கிற கிரிக்கெட் பூச்சி, பட்டுப்புழு. ஓணானின் இரண்டு கண்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிடப் பூச்சி பெரிதாக இருக்கக் கூடாது. வீட்டுக் கரப்பான், தோட்டத்துப் பூச்சி வேண்டாம், மருந்து பட்டிருக்கலாம். மின்மினிப் பூச்சி கொடிய விஷம்.

* எவ்வளவு: ஒரு நாளைக்கு 2 அல்லது 3 வேளை. 10 நிமிஷத்தில் எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு. மீதியை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரவில் பூச்சி ஓணானைக் கடிக்கும்! விளக்கு அணைப்பதற்கு 2 மணி நேரம் முன்பே கடைசி வேளையை முடித்துவிடுங்கள். சூடு இல்லாமல் செரிக்காது.

* பூச்சிக்கும் சாப்பாடு: பட்டினி கிடந்த பூச்சியில் சத்து இல்லை. ஒரு நாள் முன்னதாகவே அதற்குக் கேரட், கீரை போட்டு வையுங்கள்.

* கால்சியம் பொடி: பூச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. ஓணானுக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறு. அதனால் பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் பொடியை ஒரு பையில் போட்டு, பூச்சியை உள்ளே விட்டுக் குலுக்கி, பொடியோடு கொடுங்கள். குட்டிக்குத் தினமும் ஒரு வேளை இப்படி வேண்டும். ஊர்வனவற்றுக்கான வைட்டமின் பொடி வாரம் ஒருமுறை போதும். வீட்டில் இருக்கிற குழந்தைகளின் கால்சியம் சிரப்பை ஊற்றாதீர்கள். டி3 அளவு மீறினால் அதுவும் விஷம்.

* கீரை, காய்: முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, பூ, பறங்கிக்காய்த் துருவல், பீன்ஸ் என்று பொடிப்பொடியாக நறுக்கிக் காலையில் வையுங்கள். பசலை, பாலக், சிறுகீரை தினமும் வேண்டாம். அவற்றில் இருக்கும் ஆக்சலேட், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவகேடோ கூடவே கூடாது. பால், தயிர் சாதம், பிஸ்கட் எதுவும் பாசத்தில்கூட ஊட்டாதீர்கள்.

* தண்ணீர்: ஆழமில்லாத கிண்ணத்தில் தினமும் மாற்றி வையுங்கள். வாரம் 2 முறை, அதன் முழங்கை உயரத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிஷம் நிற்கவிடலாம். பக்கத்திலேயே இருங்கள்.

வீட்டாரின் ஆரோக்கியம்

பார்க்கச் சுத்தமாக, துறுதுறுவென்று இருக்கிற ஓணானின் குடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அதற்கு ஒன்றும் செய்யாது. நமக்குத்தான் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுவலி. கைக்குழந்தைக்கு ரத்தத்திலேயே பரவி உயிருக்கு ஆபத்தாகலாம். அமெரிக்காவில் 2012 முதல் 2014 வரை தாடி ஓணான்களால் பரவிய சால்மோனெல்லா 36 மாநிலங்களில் 166 பேரைத் தாக்கியது. அவர்களில் பாதிக்கு மேல் 5 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள்! ஓணானைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை; அதைத் தொட்ட பெரியவர் கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்கினாலே போதும்.

ஆகவே வீட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தை, 65 வயதைத் தாண்டிய பெரியவர், கர்ப்பிணி, கீமோதெரபி போன்ற சிகிச்சையில் இருப்பவர் யாராவது இருந்தால் இப்போதைக்கு இந்த ஆசையைத் தள்ளிப்போடுங்கள். மற்றவர்களுக்கு:

* தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.
* முத்தம் கொடுப்பது, முகத்தோடு வைத்துக் கொஞ்சுவது வேண்டாம்.
* கூண்டு சமையலறையில் இருக்கக் கூடாது. அதன் பாத்திரங்களைச் சமையல் சிங்க்கில் கழுவக் கூடாது.
* கூண்டுப் பக்கம் கொசு மருந்து அடிக்காதீர்கள். இது ஓணானின் நன்மைக்காக!

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

புது இடத்துக்கு வந்த முதல் சில நாள் குட்டி சரியாகச் சாப்பிடாமல் இருக்கலாம். கையில் எடுக்காமல், அமைதியாக விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் 2 நாள் ஒன்றுமே தின்னாவிட்டால் காட்டுங்கள். விரல் துடிப்பது, பின்னங்காலை இழுத்து நடப்பது, வயிற்றைத் தூக்க முடியாமல் தரையோடு தேய்த்துப் போவது, தாடை வீங்குவது, முதுகு கோணுவது... இவற்றில் ஒன்று தெரிந்தாலும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். எல்லாக் கால்நடை டாக்டர்களும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. உங்கள் ஊரில் யார் பார்க்கிறார்கள் என்று குட்டி வாங்குவதற்கு முன்பே விசாரித்து, போன் நம்பரை எழுதி வையுங்கள். கூண்டில் மாட்டிய விளக்கின் பெயரையும் தேதியையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பாதி நோயை அதிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, வாரம் ஒருமுறை ஓணானின் எடையை எழுதச் சொல்லுங்கள். (தராசு தனியாக இருக்கட்டும், சமையலறைத் தராசு வேண்டாம்!) குட்டி என்றால் எடை ஏறிக்கொண்டே போக வேண்டும். இரண்டு வாரம் நின்றாலோ இறங்கினாலோ முதலில் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்காதீர்கள். நிமிர்ந்து விளக்கைப் பாருங்கள்.